கல்யாண நாளுக்குக் கொரியன் ஸ்டேக் ஹவுஸ் போகலாமா?

வாசகர் கேள்வி: அண்ணா, நாங்கள் ஜெர்ஸி சிட்டியில் இருக்கிறோம். அடுத்த மாதம் எங்கள் அஞ்சாவது கல்யாண நாள். பையனுக்கு ரெண்டு வயசு ஆகிறது, அவன் பிறந்ததிலிருந்து நாங்கள் ரெண்டு பேர் மட்டும் வெளியே போய் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. இப்போது மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், ஒரு ராத்திரி பையனைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். மன்ஹாட்டனில் கோட் என்று ஒரு கொரியன் ஸ்டேக் ஹவுஸ் இருக்கிறதே, அங்கே சர்ப்ரைஸாகக் கூட்டிக்கொண்டு போக ஆசை. மனைவி ஆடு, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுவாள். பீஃப் இங்கே வந்த பிறகு பர்கரில் சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் கறி நடுவில் சிவப்பாக இருந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். 300 டாலருக்குள் முடியுமா? என்ன ஆர்டர் செய்வது? அங்கே போய் முழிக்காமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்:

தம்பி, வாழ்த்துகள். இடத்தை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நான் பல வருஷமாக நியூயார்க் ஸ்டேக் ஹவுஸ் கிச்சன்களில் க்ரில்லில் நிற்கிறவன், அதனால் கறி, காசு, பரிமாறுகிறவரிடம் எப்படிப் பேசுவது எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. சர்ப்ரைஸை விட்டுவிடுங்கள். மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பர்கரில் பீஃப் சாப்பிடுவது வேறு, இது வேறு. பர்கரில் கறி அரைபட்டு, முழுக்க வெந்து, பன்னுக்கும் சீஸுக்கும் நடுவில் மறைந்து வருகிறது. இங்கே நாலு வகைக் கறியையும் பச்சையாகவே, கொழுப்பு வெள்ளை வெள்ளையாக ஓடுவது தெரிய ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் உங்கள் கண்ணெதிரே சுடுவார்கள். பார்த்துப் பழகியவனுக்கு அது அழகான தட்டு. ஆட்டுக்கறியையே குக்கரில் ஆறு விசில் விட்டு எடுக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு, என்ன வரப்போகிறது என்று தெரியாமல் அங்கே வந்து உட்கார்ந்தால், பசி அந்த இடத்திலேயே போய்விடலாம். போனாலும் சொல்ல மாட்டார். நீங்கள் இவ்வளவு ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறீர்களே என்று பேசாமல் ரெண்டு வாய் சாப்பிடுவார், ராத்திரி முழுக்க நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. நம் ஆட்களில் பல பேர் ஃப்ரெண்ட்ஸோடு போன இடத்தில் பீஃப் சாப்பிடுவார்கள், ஊரில் அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் இப்போது அவருடைய அம்மாவே இருக்கிறார். திரும்பி வந்ததும் கதவைத் திறந்துகொண்டே "என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்கப்போகிறார். அதற்கு என்ன சொல்வது என்பதை உங்கள் மனைவி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளட்டும், அது அவருடைய விஷயம். அவர் மெனுவைப் பார்த்துவிட்டு "சரி, போகலாம்" என்றால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். சர்ப்ரைஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பூவோ வேறு ஏதாவதோ வாங்கி வையுங்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். கோட் 2017-ல் ஃப்ளாட்அயர்ன் பகுதியில், மேற்கு 22-வது தெருவில் திறந்தது. சியோலில் பிறந்து பதின்வயதில் அமெரிக்கா வந்த சைமன் கிம் நடத்துவது. திறந்த அதே வருஷம், நல்ல உணவகங்களுக்கு மிஷலின் வழிகாட்டி கொடுக்கிற நட்சத்திரம் கிடைத்தது, 2021-ல் மயாமியில் கிளை வந்தது, பிறகு சிங்கப்பூருக்கும் போனது. மேஜையில் வைத்துச் சுடுவது, தொட்டுக்கொள்ளும் சின்னச் சின்னக் கிண்ணங்கள், கீரை, சூப், சோறு எல்லாம் கொரியன் பழக்கம். கறியின் தரம், பதப்படுத்தும் முறை, நீளமான ஒயின் பட்டியல், மங்கலான விளக்கு எல்லாம் அமெரிக்க ஸ்டேக் ஹவுஸ் பழக்கம். ரெண்டும் ஒரே மேஜையில் சேர்கிறது.

32-வது தெருவில் கொரியாடவுனிலும் நல்ல கடைகள் இருக்கின்றன, விலையும் குறைவு. ஆனால் அங்கே கூட்டமும் பாட்டும் புகையும் அதிகம், ஆறேழு பேராகப் போய் கத்திப் பேசிச் சாப்பிடுவதற்குத்தான் அது சரி. கோட்டில் புகையை க்ரில்லுக்குக் கீழேயே இழுத்துக்கொள்கிற அமைப்பு, மேலே குழாய் எதுவும் தொங்காது. எதிரே இருப்பவர் முகம் தெரியும், மறுநாள் சட்டையில் வாடை அடிக்காது. சத்தம் அங்கேயும் உண்டு, வெள்ளி, சனி ராத்திரி என்றால் நன்றாகவே உண்டு. அதனால் முடிந்தால் செவ்வாய், புதன் பாருங்கள், ஆறு மணி வாக்கில்.

இப்போது சிவப்புக் கறி விஷயம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இந்த மாதிரி இடம்தான் உங்களுக்குச் சரி என்று தோன்றியதற்குக் காரணமே அதுதான். பழைய பாணி ஸ்டேக் ஹவுஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், 1887-ல் இருந்து ப்ரூக்ளினில் இருக்கிற பீட்டர் லூகர் மாதிரி. அங்கே ரெண்டு பேருக்கு என்று ஒரே பெரிய போர்ட்டர்ஹவுஸ் துண்டு வரும். அதை ஒரு பக்குவத்தில்தான் கேட்க முடியும், ஒருவருக்குச் சிவப்பாக வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம் என்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். கொரியன் மேஜையில் கறி சின்னத் துண்டுகளாக உங்கள் எதிரிலேயே வேகிறது, ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பக்குவத்தில் எடுக்கலாம். உங்களுடையதை ரெண்டு நிமிஷத்தில் எடுத்துவிட்டு அவருடையதைக் கூடக் கொஞ்ச நேரம் விட்டால் போதும், அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கோட்டில் நீங்களே சுடவும் தேவையில்லை, பரிமாறுகிறவர் நின்று சுட்டுத் தருவார். உட்கார்ந்து தண்ணீர் வைத்ததுமே, கறி வருவதற்கு முன்னாலேயே, "இவங்களுக்கு எல்லாம் நல்லா வெந்திருக்கணும், எனக்கு மீடியம் ரேர்" என்று சொல்லிவிடுங்கள், மீடியம் ரேர் என்றால் நடுவில் சிவப்பாக. கறி க்ரில்லில் விழுந்த பிறகு சொன்னால் முதல் சுற்று ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வரும்.

கறி நடுவில் தெரிகிற அந்தச் சிவப்புச் சாறு ரத்தம் இல்லை என்பதையும் மனைவியிடம் சொல்லலாம். ரத்தம் கறி கடைக்கு வருவதற்கு முன்னாலேயே வடிந்துவிடும். தசையில் இருக்கும் மயோகுளோபின் என்கிற புரதத்தின் நிறம்தான் அது, சூடு ஏற ஏற பழுப்பாகிவிடும். அமெரிக்க விவசாயத் துறை முழுத் துண்டு பீஃபுக்குச் சொல்லும் உள்வெப்பம் 145 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 63 செல்சியஸ், எடுத்த பிறகு மூன்று நிமிஷம் ஆறவும் விட வேண்டும். அரைத்த கறிக்கு 160. அதனால்தான் அவர் சாப்பிட்ட பர்கர் உள்ளேயும் பழுப்பாக இருந்திருக்கும். மீடியம் ரேர் என்பது 130, 135 டிகிரியில் எடுப்பது. விளக்கம் சொல்லுங்கள், ஆனால் அவரை மாற்றுவதற்காகச் சொல்லாதீர்கள். வெந்த கறிதான் பிடிக்கும் என்பது ஒரு குறை இல்லை. சில ஸ்டேக் ஹவுஸ்களில் வெல் டன், அதாவது முழுக்க வெந்த கறி கேட்கிறவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர் அவருக்குப் பிடித்தபடி சாப்பிட வேண்டும், அதற்கு ஏற்ற துண்டைத் தேர்ந்து நன்றாகச் சுட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

ஆர்டர் சுலபம். மெனுவில் புட்சர்ஸ் ஃபீஸ்ட் என்று ஒன்று இருக்கும், தலைக்கு இவ்வளவு என்று விலை. நாலு வகைக் கறி, ஊறுகாய் வகைகள், லெட்டூஸ், வெங்காயத்தாள் சாலட், ஆவியில் வெந்த முட்டை, ரெண்டு கொரியன் குழம்பு, சோறு, கடைசியில் ஐஸ்க்ரீம் எல்லாம் அதிலேயே அடக்கம். முதல் தடவைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம், ஸ்டார்ட்டர்கூட வேண்டாம். கேவியர் வைத்த ஸ்டேக் டார்டார் அங்கே பேர் பெற்றது, ஆனால் அது பச்சைக் கறி, உங்கள் மேஜைக்கு ஒத்துவராது. ஸ்டேக் ஓமகாசே என்று, சமையல்காரரே தேர்ந்து தருகிற விலை கூடிய வரிசையும் உண்டு, உங்கள் பட்ஜெட் அதற்குப் போதாது, அதன் பக்கமே போகாதீர்கள்.

அந்த நாலு கறியில் எது யாருக்கு என்பதுதான் முக்கியம். கிடைக்கிற கறியைப் பொறுத்துப் பட்டியல் மாறலாம், ஆனால் பெரும்பாலும் ஹேங்கர், பல வாரம் பதப்படுத்திய ரிப் ஐ என்கிற விலாப் பக்கத்துக் கறி, வாக்யூ என்கிற ஜப்பானிய மாட்டினத்தின் ஃப்ளாட் அயர்ன் என்கிற தோள்பட்டைக் கறி, கடைசியில் மசாலாவில் ஊறிய கால்பி. ஹேங்கர் மாட்டின் விலா எலும்புக்கு உள்பக்கம் உதரவிதானத்தை ஒட்டித் தொங்குகிற தசை, வாசம் தூக்கலாக இருக்கும், ஆனால் கொழுப்பு குறைவு, கொஞ்சம் அதிகம் வெந்தாலும் ரப்பராகிவிடும். அதில் பெரும்பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பதப்படுத்திய ரிப் ஐ பற்றி மனைவியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கறியைக் குளிர் அறையில் வாரக்கணக்கில் திறந்தே வைத்திருப்பார்கள், கோட்டுக்குக் கீழ்த்தளத்தில் இதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. ஈரம் வற்றி ருசி இறுகும், கறியில் இருக்கிற நொதிகளே நாரை இளக்கிவிடும், கூடவே முற்றிய சீஸில் வருகிற வாசமும் வந்து சேரும். சிலருக்கு அந்த வாசம்தான் உயிர், முதல் தடவை சாப்பிடுகிறவருக்கோ கறி கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வரும். கெடவில்லை. பிடிக்கவில்லை என்றால் ஒரு துண்டோடு விட்டுவிடலாம்.

வாக்யூவும் கால்பியும் அவருக்கு. வாக்யூவில் தசைக்குள்ளேயே கொழுப்பு வலை பின்னியிருக்கிறது, முழுக்க வெந்தாலும் அந்தக் கொழுப்பு உருகி உள்ளே நனைத்துக்கொண்டே இருக்கும், வறண்டு போகாது. ஹேங்கரை அந்த அளவு வேகவிட்டால் மென்று முடிக்க முடியாது.

கால்பியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், எனக்கு இந்தச் சாப்பாட்டிலேயே ரொம்பப் பிடித்தது அதுதான். விலா எலும்புக் கறி. சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, நல்லெண்ணெய், கொரியன் பேரிக்காய்ச் சாறு, இப்படிப் போட்டு ஊறவைப்பது கொரியன் வீடுகளில் வழக்கம். பேரிக்காய் இனிப்புக்கு மட்டும் இல்லை, அது கறியையும் மெதுவாக்கும். சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கருகும், க்ரில்லிலும் ஒட்டும், அதனால்தான் மற்றக் கறி எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் வருகிறது. சுடும்போது கவனித்துப் பாருங்கள். முதலில் ஓரங்கள் சுருங்கும், சாறு சின்னச் சின்னக் குமிழாக மேலே வரும், அந்தக் குமிழ் பழுப்பாகிப் பளபளவென்று மாறும் நேரத்தில் பரிமாறுகிறவர் இடுக்கியால் சட்டென்று புரட்டுவார். அரை நிமிஷம் தாமதித்தால் கசந்துவிடும். இது முழுக்க வெந்துதான் நன்றாக இருக்கும், நடுவில் சிவப்பு என்ற பேச்சே வராது. முதல் மூன்று வகையும் உங்கள் மனைவிக்குப் பிடிக்காமல் போனால்கூட இது பிடித்துவிடும் என்று தைரியமாகச் சொல்வேன்.

சாப்பிடும் விதத்துக்குக் கடுமையான சட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கறியிலும் முதல் துண்டை உப்பு மட்டும் தொட்டுச் சாப்பிடுங்கள், அப்போதுதான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும். அடுத்ததை லெட்டூஸில் வையுங்கள், மேலே கொஞ்சம் ஸாம்ஜாங், அது சோயா விழுதும் மிளகாய் விழுதும் சேர்ந்த துவையல், கூட ரெண்டு இழை வெங்காயத்தாள், பிறகு வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துக் கடித்துச் சாப்பிட்டால் எல்லாம் சிந்திவிடும், ஒரே வாய்தான். கையால் சாப்பிடலாம், நமக்கு அதில் சிரமமே இல்லை. மடித்ததை எதிரே இருப்பவருக்கு ஊட்டிவிடுவது கொரியாவில் சகஜமான பழக்கம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கல்யாண நாளுக்கு வேறென்ன வேண்டும். குடிக்கும்போது தனக்குத் தானே ஊற்றிக்கொள்ளாமல் ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொடுப்பதும் அவர்கள் வழக்கம். சின்னக் கிண்ணங்களில் இருப்பது தீர்ந்தால் கேளுங்கள், கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

குழம்பும் சோறும் வந்தால் உங்கள் மனைவிக்கு முகம் மலரும். கிம்ச்சி என்கிற புளிக்கவைத்த முட்டைக்கோஸ் போட்டது ஒன்று, புளிக்கவைத்த சோயா விழுதில் செய்தது ஒன்று. கிம்ச்சிக் குழம்பு உறைப்பும் புளிப்புமாக இருக்கும், கறியின் கொழுப்பு திகட்ட ஆரம்பிக்கும் நேரத்துக்கு அது சரியாக இருக்கும். காய்தானே என்று நினைத்துவிடாதீர்கள், கிம்ச்சியில் பொதுவாகவே உப்பில் ஊறிய இறால் அல்லது மீன் சாறு சேரும். உங்கள் வீட்டுக்கு அது பிரச்சினை இல்லை, சைவக்காரர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்.

நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு, அது வேகம். மெல்லிய துண்டு ரெண்டு மூன்று நிமிஷத்தில் வெந்துவிடும், ஒன்று முடிய அடுத்தது என்று பரிமாறுகிறவர் போட்டுக்கொண்டே இருப்பார், நீங்களும் ஆறிப்போய்விடுமே என்று சாப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள், முக்கால் மணி நேரத்தில் ஐஸ்க்ரீம் வந்துவிடும். ரெண்டு வருஷம் கழித்து ரெண்டு பேரும் தனியாக உட்கார்கிறீர்கள், அதை முக்கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வருவானேன்? "எங்களுக்கு அவசரம் இல்லை, ஒவ்வொரு கறிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். முதலில் குடிக்க மட்டும் ஆர்டர் செய்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துச் சாப்பாட்டைச் சொல்வதும் நல்ல வழி. அதற்காக மூன்று மணி நேரமும் முடியாது, ரெண்டு பேர் மேஜையை இந்த ஊரில் ஒன்றரை, ரெண்டு மணி நேரத்தில் அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும், கிச்சனில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்த நெருக்கடி தெரியும். மீதிப் பேச்சுக்கு ஒரு தெரு தள்ளி மேடிசன் ஸ்கொயர் பார்க் இருக்கிறது.

காசுக் கணக்கு. புட்சர்ஸ் ஃபீஸ்ட் விலை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது, போகும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு 80 டாலரை ஒட்டி என்று வைத்துக்கொண்டால் ரெண்டு பேருக்கு 160. ஆளுக்கு ஒரு ட்ரிங்க், ரெண்டும் சேர்த்து 45 என்று வையுங்கள், 205 ஆச்சு. நியூயார்க் நகர விற்பனை வரி 8.875 சதவீதம், அது 18 டாலர் சொச்சம். டிப் 20 சதவீதம் என்றால் 41. மொத்தம் 264 வாக்கில் நிற்கும், 300-க்குள் தாராளமாக முடிகிறது. ரெண்டாவது சுற்று ட்ரிங்க் வாங்கினால் 300-ஐத் தாண்டிவிடும். பரிமாறுகிறவர் இன்னும் உயர்ந்த வாக்யூ இருக்கிறது, ஒரு துண்டு சேர்த்துக்கொள்ளலாமா என்று அன்பாகத்தான் கேட்பார், விலையைக் கேட்டுவிட்டு "இன்னைக்கு இதுவே போதும்" என்றால் அவர் தப்பாக நினைக்கப் போவதில்லை. டிப்பில் மட்டும் கை வைக்காதீர்கள் தம்பி. உங்கள் மேஜைப் பக்கத்தில் நின்று சுட்டுத் தருகிறவருக்கு வருமானத்தில் பெரும்பங்கு அதுதான்.

போக வர, நியூஜெர்ஸியையும் மன்ஹாட்டனையும் இணைக்கிற பாத் ரயில் போதும். ஜெர்னல் ஸ்கொயரிலோ க்ரோவ் ஸ்ட்ரீட்டிலோ ஏறி 23-வது தெருவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், கார் பார்க்கிங்குக்குக் கொட்டுகிற காசு மிச்சம். உடை நன்றாக உடுத்திக்கொண்டு போங்கள், கெடுபிடி எதுவும் இல்லை, ஆனால் மேஜை நடுவில் நெருப்பு இருக்கிறது என்பதால் தொங்குகிற துப்பட்டா, அகலமான கை வேண்டாம். மாமியாரிடம் அவசரம் என்றால் மட்டும் போன் செய்யச் சொல்லுங்கள், பையன் தூங்கிவிட்டான் என்பதற்கு ஒரு மெசேஜ் போதும்.

முன்பதிவை ஆன்லைனில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போடுங்கள், மாலை ஏழு, எட்டு மணி மேஜைகள் முதலில் போய்விடும். குறிப்பு எழுதுகிற இடத்தில் கல்யாண நாள் என்றும், ஒருவருக்கு நன்றாக வெந்த கறி வேண்டும் என்றும் ரெண்டையும் எழுதுங்கள். இந்த மாதிரிக் குறிப்பைச் சாயங்காலம் சர்வீஸ் தொடங்கும் முன்னாலேயே நாங்கள் படித்துவிடுவோம்.

ஒருவேளை மனைவி யோசித்துவிட்டு, பீஃபுக்காகவே போகிற இடம் எனக்கு வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அதே சைமன் கிம் 2024-ல் அதே 22-வது தெருவின் கிழக்குப் பக்கம் கோக்கோடாக் என்று கொரியன் ஃப்ரைடு சிக்கனுக்கென்றே ஒரு உணவகம் திறந்திருக்கிறார். அதே கவனிப்பு, அதே ஜோர், முக்கியமாக வருவது கோழி. அங்கேயும் மேஜை கிடைப்பது லேசில் இல்லை. அதனால் இன்று ராத்திரி பையன் தூங்கினதும் மெனு ரெண்டையும் அவரிடம் காட்டி, எது என்று கேட்டு, உடனே முன்பதிவு போட்டுவிடுங்கள்.